மலைக் காட்டேஜில் இரண்டு இரவு: பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்புவதும், இரண்டு இரவு ஒரு காட்டேஜில் தங்கி ஞாயிறு மாலை இறங்கிவிடுவதும் இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம். நகரத்து அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு ஈரப் புல்லும் மூடுபனியும் மரத்தடியும் கிடைப்பது பெரிய வரம் என்றே நினைக்கிறேன்.

போவதற்கு முன் தாய்மாரும் பாட்டிமாரும் கேட்கும் முதல் கேள்வி, "குழந்தைக்குக் குளிர் தாங்குமா?" என்பது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா, காந்தல் பகுதிகளில் புல்மேல் உறைபனி படர்கிறது. அதனால் அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் சட்டை, ஸ்வெட்டர், குல்லா, காலுறை இருந்தால் நம் மலைகளின் குளிரை எந்த ஆரோக்கியமான பிள்ளையும் தாங்கிவிடும். அந்தக் குளிரை விரட்டுவதற்காகப் பெரியவர்கள் செய்யும் சில காரியங்களைத்தான் பிள்ளையின் உடம்பு தாங்காது. அவற்றில் முதலாவது, உயிரையே எடுக்கக்கூடியது.

கரி அடுப்பு அறைக்குள் வரக்கூடாது

மாலையில் முற்றத்தில் கேம்ப் ஃபயர். அதன்பின் பார்பிக்யூ. பத்து மணிக்கு மேல் குளிர் ஏறுகிறது. அடுப்பில் இன்னும் சிவப்பாகத் தணல் இருக்கிறது, புகை ஒன்றும் இல்லை. "இதை உள்ளே ஒரு மூலையில் வைத்தால் அறை கதகதப்பாக இருக்குமே" என்று யாருக்கோ தோன்றுகிறது. சன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, எல்லோரும் படுக்கிறார்கள். இப்படிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் நம் மலை ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. இனியும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையில் இதற்கு இத்தனை இடம்.

கரி எரியப் போதுமான காற்று கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. புகை அடங்கிய தணலைப் பார்த்து ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்போம். அந்தத் தணலிலிருந்துதான் இந்த வாயு தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள் என்பதால் அவர்கள் உடம்பில் இது முந்தி ஏறுகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் இதே ஆபத்து உண்டு.

இதன் அறிகுறிகள் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, அசதி. மலைப்பாதையில் வந்த களைப்பு என்றோ, மதியம் சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணி, மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் அதே அறையில் படுத்துவிடுவார்கள். பேசத் தெரியாத குழந்தையானால் சிணுங்கும், பால் குடிக்காது, பிறகு ஆழ்ந்து தூங்குவதுபோல் கிடக்கும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்குக் காய்ச்சல் இல்லாமல் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே வந்து நின்றால் குறைகிறது என்றால் உணவையும் பயணத்தையும் பிறகு சந்தேகிக்கலாம். முதலில் சந்தேகிக்க வேண்டியது அறைக் காற்றை.

அப்படித் தோன்றிய நொடியிலேயே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அடுப்பை அணைப்பதும் பையை எடுப்பதும் அப்புறம். கதவு, சன்னலைத் திறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். பிள்ளை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். சாதாரணக் காற்றில் இருந்தால் இரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறையவே நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்துத் தைரியம் கொள்ளக்கூடாது. ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. நச்சேறிய பிள்ளைக்கும் அது 98 என்று காட்டக்கூடும்.

கரி அடுப்புக்குச் சொன்னது கூடாரத்துக்குள் வைக்கும் கணப்புக்கும், புகைபோக்கி அடைத்துக் கிடக்கும் பழைய பங்களாக் கணப்படுப்புக்கும், எஞ்சினை ஓடவிட்டு மூடிய காருக்குள் தூங்குவதற்கும் பொருந்தும். குளியலறைக்குள்ளேயே பொருத்திய கேஸ் கீசரும் இந்த வகைதான். சன்னலில்லாத சிறிய குளியலறையில் அது எரியும்போது பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைச் சற்று நேரம் திறந்து வைத்தபின் குளிக்க வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அளவு கூடினால் ஒலி எழுப்பும், பேட்டரியில் ஓடும் சிறு கருவிகள் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கின்றன. மலைக்கு அடிக்கடி போகும் குடும்பம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

காட்டேஜைப் பதிவு செய்யும்போதே, அறையில் மின்சார ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். மின்சார ஹீட்டரிலிருந்து இந்த வாயு வராது. திரைச்சீலைக்கும் படுக்கைக்கும் குறைந்தது மூன்றடி தள்ளி வைக்க வேண்டும், ஈரத்துணியை அதன்மேல் காயப்போடக் கூடாது, அவ்வளவுதான். கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டால் எந்த விடுதியிலும் கொடுப்பார்கள்.

சிறு உடம்பு சூட்டை இழக்கும் விதம்

குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. கைக்குழந்தைகளுக்கு நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் சரியாகத் தெரியாது. 'நடுங்கவில்லை, ஆகவே குளிரவில்லை' என்று முடிவு கட்டிவிட முடியாது. கைகால் சில்லென்றிருப்பதைப் பார்த்தும் பதற வேண்டாம். குளிர்ப் பகுதியில் அது இயல்பு. பின்கழுத்தையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. நெஞ்சு சில்லிட்டு, குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல் கிடந்தால், அதன் உடுப்பைக் கழற்றி உங்கள் வெற்று மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு மருத்துவரிடம் புறப்பட வேண்டும்.

தடிமனான ஒரே ஸ்வெட்டரைவிட, மெல்லிய உடுப்புகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. நீங்கள் அணிந்திருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். மூடுபனியிலும் சாரலிலும் நனைந்த பருத்திச் சட்டையை உடனே மாற்றிவிடுங்கள். ஈரத் துணி உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும்.

இரவில் பலரும் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை அப்பா அம்மாவுக்கு நடுவில் படுக்க வைத்து, மூவருக்குமாகக் கனத்த ரஜாயை இழுத்துப் போர்த்துகிறார்கள். அது குழந்தையின் முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடலாம். அளவுக்கு மீறிச் சூடேறுவதும் அந்த வயதில் ஆபத்துதான். முழுக்கை, முழுக்கால் உடுப்பும் காலுறையும் அணிவித்து, அதே அறையில் தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கழுத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். வெந்நீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கலாம். பிள்ளையைப் படுக்க வைப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும்.

தைலப் புட்டியும் பிராந்தியும்

ஊட்டிக்குப் போனவர்கள் நீலகிரித் தைலம் வாங்காமல் திரும்புவது அரிது. பெரியவர்களின் மூக்கடைப்புக்கும் கைகால் வலிக்கும் அது சுகம் தரும். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூக்கருகிலோ நெஞ்சிலோ அதைத் தடவக்கூடாது. அதன் காரம் சிறிய மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்து இளைப்பைக் கூட்டிவிடலாம். இதைவிட அஞ்ச வேண்டியது, பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடுவது. யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனாலே சிறு பிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம், அதுவும் அரை மணி நேரத்துக்குள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கற்பூரத்துக்கும் இதே எச்சரிக்கை. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் பூசும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வாங்கிய தைலத்தைக் கட்டில் அருகே வைக்காமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

குளிருக்கு இரண்டு சொட்டு பிராந்தி கொடுத்தால் நல்லது என்று சொல்லும் உறவினர் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மது தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் உடம்புச் சூடு அதனால் வெளியேறுகிறது. சிறு பிள்ளைகளுக்கு இரத்தச் சர்க்கரையும் திடீரென்று இறங்கிவிடும். இதில் சமரசமே கூடாது.

சளிக்கும் இருமலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிரப் விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் அறிவித்தது. சாதாரணச் சளிக்கு வெதுவெதுப்பான கஞ்சியும், அடிக்கடி தாய்ப்பாலும், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டும் போதும். இளைப்பு உள்ள பிள்ளையானால் மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையிலேயே இருக்கட்டும். குளிர்ந்த காற்றும் கேம்ப் ஃபயர் புகையும் சேர்ந்தால் அன்றிரவே இளைப்பு தொடங்கலாம்.

வளைவுகளில் வரும் வாந்தி

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு 'உடம்பு திரும்புகிறது' என்று சொல்ல, காருக்குள்ளேயே பார்க்கும் கண் 'இல்லை' என்று சொல்லும். மூளைக்கு ஏற்படும் இந்தக் குழப்பம்தான் வாந்தியாகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அதிகம் வராது. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை மிகுதி. அதனால் மலையேறும்போது பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்ட பூரி, தோசை வேண்டாம்; வெறும் வயிறும் வேண்டாம். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்து, மெதுவாக ஓட்டி, பாதி வழியில் இறங்கி நின்று போங்கள். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, எடைக்கு ஏற்ற அளவில், புறப்படும் முன்பே கொடுக்க வேண்டும். தூக்கம் வரவழைக்கும் புரோமெத்தசின் வகை மருந்துகள் 2 வயதுக்குட்பட்டவர்களின் மூச்சையே அடக்கிவிடக் கூடியவை. அவர்களுக்கு அவை கூடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் சாலைதான். அதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். காது அடைப்பது அதனால்தான். குறிப்பாக இறங்கும்போது குழந்தை வீறிட்டு அழுதால் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். ஆனால் ஓடும் காரில் முன் இருக்கையில் மடியில் வைத்துக் கொடுக்கக்கூடாது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கொடுங்கள்.

உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போதுதான் தொடங்கும். ஊட்டி 2,240 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஆகவே நம் மலை ஊர்களில் அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பிறவி இதயக் கோளாறோ நுரையீரல் நோயோ உள்ள பிள்ளையானால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஆனால் ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பால்பொடி கலக்கும் தண்ணீரை அங்கே மூன்று நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நீலகிரியில் தடை இருப்பதால், எவர்சில்வர் புட்டிகளில் கொதித்து ஆறிய நீரை எடுத்துச் செல்லுங்கள். குளிரில் பிள்ளைகள் தாகம் என்று கேட்க மாட்டார்கள். நாமாகத்தான் கொடுக்க வேண்டும். வெயிலும் இதமாகத்தான் தெரியும், ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வலு கூடுகிறது. தொப்பி அவசியம்.

வெந்நீரும் சாம்பலும்

பழக்கமில்லாத குளியலறையில் எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று பிள்ளைக்குத் தெரியாது. கீசரில் 60 டிகிரி வரை சூடேறிய நீர் சில நொடிகளிலேயே பிள்ளையின் மெல்லிய தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். எனவே வாளியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர், கடைசியில் உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்தல் என்ற வரிசை மாறக்கூடாது. அறைக்குக் கொண்டுவரும் மின்கெட்டிலின் ஒயர் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

கேம்ப் ஃபயர் அணைந்த மறுநாள் காலையில், வெள்ளைச் சாம்பல்மேல் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் உண்டு. மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் அடியில் கங்கு பல மணி நேரம் இருக்கும். படுக்கப் போகும் முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொல்லுங்கள், நீங்களே நின்று பாருங்கள். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டுவதுதான் சிறந்த முதலுதவி. ஐஸ், பற்பசை, மை, நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். காயத்தை மட்டும் குளிர்வித்து, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள்.

புல்வெளியில் ஓடும்போது

மழைக்கால வால்பாறையில் அட்டை ஏறாமல் ஒரு நடை போய்வர முடியாது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அதனால் பெரிய தீங்கில்லை. நகத்தால் மெல்லத் தள்ளிவிடலாம். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஓடையில் வாய்வைத்துத் தண்ணீர் குடிப்பதை மட்டும் தடுங்கள். மூக்குக்குள் அட்டை ஏறுவது அப்படித்தான்.

குரங்கு விஷயம் வேறு. சிப்ஸ் பொட்டலத்தோடு வராந்தாவில் நிற்கும் பிள்ளையைத்தான் அது குறிவைக்கும். கீறல் சிறிதாக இருந்தாலும் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். கடி ஆழமானால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் செலுத்த வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்; மீதித் தவணைகளை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடரலாம்.

மலைக்குக் கிளம்பும்போதே, தங்கும் இடத்துக்கு அருகே இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல காட்டேஜ்களில் கைப்பேசி அலைவரிசை கிடைப்பதில்லை. பாதையில் யானை நிற்கலாம், பனி மூடலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், இத்தனை சிறிய குழந்தையோடு ஒதுக்குப்புறமான காட்டேஜில் தங்குவதை ஓராண்டு தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் முடிவு.

ஊர் திரும்பிய பிறகும் மூன்று வாரம் வரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும். கடித்தது வலிக்காது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், இடுப்புப் பட்டி அழுத்தும் இடம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எல்லாருக்கும் அது இருக்காது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற விலை குறைந்த மருந்துகளுக்கே இந்தக் காய்ச்சல் கேட்கும். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். டெங்கு என்றும் வைரஸ் என்றும் நாட்கள் கழிந்துவிடாமல் இருக்க, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால், கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "இந்தத் தேதியில் மலைக்குப் போயிருந்தோம், பிள்ளை புல்லில் விளையாடினான்."